பெரிய எழுத்து மரியாதை

அம்மாக்கண்ணு மௌஸைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகி, உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் கொட்டினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, உருண்டை உருளும் குழிக்குள் விட்டுச் சுரண்டினாள். கறுப்பு நூலாகச் சுருண்டு அழுக்கு வந்தது. கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு எடுக்கிற அதே கை, அதே பதம். உருண்டையை முந்தானையால் துடைத்து உள்ளே போட்டு மூடினாள்.

“இப்ப மூச்சு விடும் பாருங்க மாஸ்டர்” என்றாள்.

படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற லக்ஸ்மன் மாஸ்டர் மௌஸைப் பார்க்கவில்லை. கணினிப் பெட்டியைத்தான் பார்த்தார். அதற்குச் சிவப்புக் கம்பளிக் குல்லா ஒன்று போடப்பட்டிருந்தது. மேலே குஞ்சம் வேறு.

“அம்மா, இது என்ன?”

“குளிரு மாஸ்டர். அட்டன் குளிருல மனுசனே வெறைச்சுப் போறான். அதான் இது இப்புடி மெதுவா போவுதுன்னு நெனச்சேன்.”

“ஐயோ, கழட்டுங்கோ! இதுக்குச் சூடுதான் எதிரி. மூச்சு விடுற ஓட்டையெல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கிறியள்!”

அம்மாக்கண்ணு குல்லாவைக் கழற்றி மடித்து வைத்தாள். வெட்கமெல்லாம் படவில்லை. வைத்தியம் பலிக்காவிட்டால் அடுத்த வைத்தியம், அவ்வளவுதான்.

அவள் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவின் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விடிந்தும் விடியாமலும் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளைக் கழுவி, ஊட்டி, தொட்டிலாட்டி வளர்த்தவள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்தபோது எந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று கேட்க எல்லாரும் அவளிடம் வந்தார்கள். சின்ன வயதிலேயே எவன் அடுத்த பிள்ளையின் ரொட்டியைப் பிடுங்கினான், எவள் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள் என்பது அவளுக்குத் தெரியும். ஜாதகத்தைவிட அது நம்பகமானது.

புருசன் செத்துப்போய் வெகுநாளாயிற்று. கொழும்பில் கடையில் நிற்கிற மகன், “இங்க வந்து பேரப்புள்ளய பாத்துக்கிட்டு இரும்மா” என்றான். “நான் பாத்த புள்ளைங்க போதும்டா” என்று சொல்லிவிட்டு, சேமலாப நிதியில் வந்த பணத்தை எடுத்துக்கொண்டு அட்டன் பஜாரில் இரும்புக் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தாள். சன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துப் பலகை தொங்கவிட்டாள்: ‘அம்மாக்கண்ணு கல்யாணத் தகவல் நிலையம். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கப்படும்.’ இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் அட்டனில் அப்படி ஒரு பலகை புதுசு. ஜனம் நின்று வாசித்துவிட்டுத்தான் போனது.

கணினி நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் கழித்துப் போட்டது. அதற்குள் விவரங்களைப் பதிந்து தேடுகிற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர்தான் லக்ஸ்மன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்தவர். பகலில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து அம்மாக்கண்ணுவும் இரண்டு விரலால் தட்டப் பழகியிருந்தாள்.

இப்போது விசயம் முற்றிவிட்டது. இரண்டு நாளைக்கு முன்னால், பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் பார்க்க, தரகர் அழகுமுத்து அவளைச் சீண்டிவிட்டார். அழகுமுத்துவை அந்த மலையில் தெரியாதவர் இல்லை. கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை, மண்டைக்குள் முந்நூறு குடும்பம்.

“என்னா தங்கச்சி, ஒம் மெசினுல பொருத்தம் பாக்கப் போன உடப்புசல்லாவக் குடும்பம் பசி தாங்காம எழும்பிப் போயிருச்சாமே? பொண்ணு வீட்டுக்காரனும் மாப்பிள வீட்டுக்காரனும் காத்துக்கிட்டிருந்த எடத்துலயே சண்ட புடிச்சுக்கிட்டாங்களாமே?”

இரண்டும் நடந்ததுதான். மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாதபோது அவளுக்குக் கோபம் வரும்.

“ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. நீங்க ஒரு மாப்பிளய சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு வாய் வெத்தலய போட்டு மெல்லுங்க. நீங்க துப்புறதுக்குள்ள என் மெசினு பொண்ண காட்டும்.”

“காட்டாட்டி?”

“பலகைய கழட்டிட்டு ஒங்க கொடைய தூக்கிக்கிட்டுப் பின்னால வாறேன்.”

“காட்டிட்டா?”

“ஏணி போட்டு ஏறி என் பலகைய கழுவிக் குடுங்க. மழையில பாசி புடிச்சுக் கெடக்கு.”

கடை முழுக்கச் சிரித்தது. சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அம்மாக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோற்றால் பலகை போகும். பலகை போனால் கொழும்புக்குப் போய் மருமகள் கையால் சோறு தின்ன வேண்டும். அதனால்தான் மாஸ்டருக்கு ஆள் அனுப்பினாள்.

“செய்து காட்டுங்கோ” என்றார் மாஸ்டர்.

அவள் ஒரு பையனின் பெயரை எடுத்து, ‘பொருத்தம்’ என்ற கட்டத்தை அமுக்கினாள். திரையில் மணற்கடிகாரம் தோன்றியது. பெட்டி கொரகொரவென்று இருமத் தொடங்கியது. அவள் எழுந்து போய் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணி ஊற்றி, அவருக்கு ஒன்று கொடுத்துத் தானும் குடித்து, கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மணற்கடிகாரம் அப்படியே நின்றது.

“போன வருசம் இவ்வளவு மெதுவா இல்லையே” என்றார் மாஸ்டர்.

“போன வருசம் வேகமா ‘இல்ல’ன்னு சொல்லிச்சு. இருக்கிற புள்ளயவே இல்லன்னுச்சு. நீங்க வந்து என்னமோ செஞ்சீங்க. அப்பறம் இருக்குன்னு சொல்லுது, ஆனா பொழுது சாயும்போது சொல்லுது.”

மாஸ்டர் பதிவுகளைத் திறந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது. பாதிப் பெயர்கள் முழுக்கப் பெரிய இங்கிலீசு எழுத்தில் இருந்தன, பாதி முழுக்கச் சின்ன எழுத்தில். தோட்டப் பெயரும் அப்படித்தான், நட்சத்திரமும் அப்படித்தான்.

“அம்மா, ஏன் ஒரு பேரைப் பெரிசாவும் ஒரு பேரைச் சின்னனாவும் அடிச்சிருக்கிறியள்?”

அம்மாக்கண்ணு அவரை இரக்கத்தோடு பார்த்தாள். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே.

“மரியாத மாஸ்டர்.”

“மரியாதையோ?”

“நல்லா பேசுற குடும்பத்துக்குப் பெரிய எழுத்து. வந்த ஒடனே சீதனம் எவ்வளவுன்னு கேக்குறவனுக்குச் சின்ன எழுத்து. மொகத்துல சொல்ல முடியுமா? அதான் எழுத்துல வெச்சிருக்கேன்.”

அவளுக்கு முதலில் தெரிந்த இங்கிலீசு, ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டியின் மேல் குத்துகிற எழுத்துத்தான். கப்பலேறப் போகிற பெட்டிக்கு எல்லாமே பெரிய எழுத்து. நல்ல சரக்குக்குப் பெரிய எழுத்து என்று அவள் மனதில் பதிந்தது அப்போதே. தமிழில் ‘வாங்க’ என்றும் ‘வா’ என்றும் இருக்கிறது. எழுத்தில் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. இங்கிலீசில் ‘வாங்க’ இல்லை, எழுத்து மட்டும் இரண்டு விதம். வேறு எதற்கு வைத்திருப்பான் வெள்ளைக்காரன்?

மாஸ்டர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பிழை என்னிலயும்தான் அம்மா. இதைத் தொடங்கேக்க இந்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்டது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் உனக்கு ஒண்டோ ரெண்டோ எண்டு. நான் இங்கிலீசு வாத்தி. வகுப்பில பேரைச் சின்ன எழுத்தில தொடங்கினா முழங்காலில நிக்க விடுற ஆள். ரெண்டும் வேறதான் எண்டு குடுத்திட்டன். அதுதான் வரிசை விதி. அந்த விதிப்படி தானே இது பேர்களை அடுக்கி வைக்கும், தேடும்.”

“அதனால இல்லன்னு சொல்லிச்சு.”

“ஓம். நீங்கள் பெரிசில கேட்டா சின்னன்ல இருக்கிறவை கிடைக்காயினம். பிறகு நீங்கள் முறைப்பாடு சொல்ல, நான் விதியை மாத்தாமல் ஒரு ஒட்டு வேலை பார்த்தன். தேடுற நேரம் எல்லாப் பேரையும் பெரிய எழுத்தாக்கிப் பாரு எண்டு சொல்லி வச்சன். அதுதான் கொல்லுது.”

“பெருசாக்குறதுக்கு அவ்வளவு நேரமா?”

மாஸ்டர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். மழை மூடி மலை தெரியவில்லை.

“பெரட்டுக் களம் தெரியும்தானே, விடியக்காலையில எல்லாரையும் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். தோட்டத்தில ஒரு ஆளைக் கூப்பிட வேணும். லயத்தில கதவு நம்பர் இருக்கு. நேரே போய்த் தட்டினாச் சரி. இது அப்பிடிச் செய்யேல்லை. முழுத் தோட்டத்தையும் பெரட்டுக்குக் கூப்பிடுது. வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோட்டு மாட்டி விடுது. பிறகு முகத்தைப் பார்த்து, ‘நீ இல்லை, போ’ எண்டு சொல்லுது.”

“ஏன், கதவு நம்பர் என்னா ஆச்சு?”

“நம்பர் போட்டது கோட்டுப் போடாத ஆக்களுக்கு. நான் கோட்டுப் போட்ட ஆளை எல்லோ கேக்கிறன். நம்பர் இருந்தும் உதவாது. அதோட, நட்சத்திரம் பாக்க ஒரு பெரட்டு, தோட்டம் பாக்க ஒரு பெரட்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் திரும்பத் திரும்ப.”

அம்மாக்கண்ணு பெட்டியைப் பார்த்தாள். முதன்முதலாக அதன்மேல் பரிதாபம் வந்தது. “அடப் பாவமே. நான் குளிருன்னு நெனச்சு இதுக்குக் குல்லா போட்டேன். இது ஊருக்கே கோட்டு மாட்டிக்கிட்டு இருந்திருக்கு!”

இருவரும் மறுபடி சிரித்தார்கள். கீழே இரும்புக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று படியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“இப்ப என்னா செய்யிறது?”

“விதியை மாத்த வேணும். பெரிசும் சின்னனும் ஒண்டு எண்டு. பிறகு கோட்டும் தேவையில்லை, பெரட்டும் தேவையில்லை. ஆனா பழைய பதிவுக்குள்ள பழைய விதி ஊறிப்போய் இருக்கு. எல்லாத்தையும் வெளிய எடுத்து, புது விதியில வீடு கட்டி, திரும்பக் குடியேத்த வேணும்.”

“என் பெரிய எழுத்தெல்லாம் போயிருமா?”

“போகாது. நீங்கள் அடிச்சது அப்பிடியே இருக்கும். தேடுற நேரம் மட்டும் அது வித்தியாசம் பாக்காது.”

“அது போதும்” என்றாள் அம்மாக்கண்ணு. “தேடும்போது எல்லாரும் ஒண்ணு. கட்டிக் குடுக்கும்போது நான் பாத்துக்கிறேன்.”

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்தார். கரண்ட் போகாமல் இருக்க அவள் மாணிக்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள். பதிவுகள் வெளியே வந்தன. புது வீடு கட்டப்பட்டது. குடியேற்றம் தொடங்கியது. பாதியில் கணினி ‘டங்’ என்று கத்திவிட்டு நின்றது.

“என்னா சொல்லுது?”

“ஒரே ஆள் ரெண்டு தரம் வாறாராம். பேர் ஒண்டு, தகப்பன் ஒண்டு, தோட்டமும் ஒண்டு. ஒரு தரம் பெரிய எழுத்தில, ஒரு தரம் சின்ன எழுத்தில. முந்தி இதுக்கு அது ரெண்டு ஆள். இப்ப ஒராள். ஒருத்தருக்கு ஒரு கதவுதான் தருவன் எண்டு நிக்குது.”

அம்மாக்கண்ணு திரையில் பெயரைப் பார்த்தாள். “ஓ, இவனா. மொதல்ல வந்தப்ப அம்மாவும் மகனும் தங்கம் மாதிரி பேசுனாங்க. ரெண்டாவது வந்தப்ப மோட்டார் சைக்கிள் கேட்டாங்க. அதான் சின்ன எழுத்துல இன்னொருக்கா அடிச்சேன்.”

“பழசை அழிக்கேல்லையா?”

“திருந்தி வந்தா என்னா செய்யிறது? மனுசன்தானே.”

மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒண்டைத்தான் வைக்கலாம். சொல்லுங்கோ” என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த அறையில் தீர்ப்பு நடந்தது. கணினி ‘டங்’ என்றது. மாஸ்டர் பெயரை வாசித்தார். அம்மாக்கண்ணு வெங்காயம் உரித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

“மோட்டார் சைக்கிள்காரன்?”

“சின்னது.”

“இந்தப் பிள்ளை?”

“அவ நல்லவ. அவ சித்திதான் வாயாடி. பெருசு வைங்க.”

“இவர் மூண்டு தரம் இருக்கிறார்.”

“அவன் இப்ப டுபாய் போயிட்டான். தூக்கிருங்க.”

மாலையில் கடைசி ஆளும் குடியேறினார். மாஸ்டர் ஒட்டு வேலையைக் கிழித்தெறிந்துவிட்டு, “அமுக்குங்கோ” என்றார். அவள் ‘பொருத்தம்’ கட்டத்தை அமுக்கிவிட்டு, பழக்கத்தில் எழுந்து அடுப்புப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள்.

“எங்க போறியள்? வந்திட்டுது.”

திரும்பிப் பார்த்தாள். திரையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நம்பாமல் இன்னொருவனைப் போட்டாள், வந்தது. வேறொருவனைப் போட்டாள், அதுவும் வந்தது. அம்மாக்கண்ணு தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள்: சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அந்த இடத்திலேயே காமன் கூத்து ரதி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினாள். தரைப் பலகை அதிர்ந்து, கீழே இரும்புக் கடையில் ஆணிப் பெட்டி ஒன்று விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு முழுக்க ஆள். தேத்தண்ணிக் கடையில் அன்று இருந்தவர்கள், அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள், பஸ் வரும்வரை பொழுது போக்க வந்தவர்கள். அழகுமுத்து குடையை மூலையில் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் வெற்றிலைப் பையை விரித்தார்.

“மாப்பிள பேரு யோகேஸ்வரன். பொகவந்தலாவப் பக்கம், ஃபெக்டரியில வேல. மகம் நட்சத்திரம். பொண்ணு அதே தோட்டமா இருக்கக் கூடாது. தையல் தெரிஞ்சிருக்கணும்.” சொல்லிவிட்டு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். “ஆரம்பிக்கலாமா தங்கச்சி?”

அம்மாக்கண்ணு இரண்டு விரலால் தட்டினாள். எழுத்தைத் தேடித் தேடித் தட்டியதில்தான் நேரம் போனது. அழகுமுத்து சுண்ணாம்பை எடுத்தார். அவள் அமுக்கினாள்.

“வந்திருச்சு.”

அழகுமுத்துவின் சுண்ணாம்பு விரல் வெற்றிலையைத் தொடவே இல்லை, அந்தரத்தில் நின்றது.

“ஏய், மொதல்லயே போட்டு வெச்சிருக்கா!” என்று படியிலிருந்து ஒருவன் கத்தினான்.

“அப்புடின்னா இன்னொண்ணு சொல்லுங்கண்ணே” என்றாள்.

அவர் இன்னொன்று சொன்னார், வந்தது. வம்புக்கு ஒரு சிக்கலான ஆளைச் சொன்னார். பொருத்தம் இல்லை என்று அதே வேகத்தில் வந்தது. அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. “எனக்குப் பாருங்க ஆயா!” “என் தம்பிக்கு!” “எங்க கணக்கப்பிள்ளைக்கு ஒண்ணு பாருங்க!” “அவருக்குத்தான் ரெண்டு புள்ள இருக்கே!” “சும்மா பாருங்க ஆயா, யாரு வாறான்னு பாப்போம்!” ஒருவன் தன் மனைவி பெயரையே சொல்லி யார் பொருத்தம் என்று கேட்டான். பக்கத்தில் நின்ற மனைவி அவன் தலையில் குட்டினாள். மாஸ்டர் மூலையில் நின்று தன் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கைதட்டினார்.

அழகுமுத்து போடாத வெற்றிலையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“நட்சத்திரம் பாக்கும், ஒத்துக்கிறேன். மாமியா கொணம் பாக்குமா ஒம் மெசினு?”

“அது மெசினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்” என்றாள் அம்மாக்கண்ணு, வெற்றி மயக்கத்தில். “அதுக்குத்தான் நல்ல குடும்பத்துக்குப் பெரிய எழுத்து, கெட்ட குடும்பத்துக்குச் சின்ன எழுத்துன்னு போட்டு வெச்சிருக்கேன்!”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

படியில் நின்ற ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: “ஆயா, எங்களுக்கு எந்த எழுத்து?”

அம்மாக்கண்ணு எட்டிக் கணினியை அணைத்தாள். “கரண்டு போயிருச்சு. எல்லாரும் நாளைக்கு வாங்க.” தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் வரிசை நின்றது. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை லீக்ஸ், முறுக்குப் பொட்டலம். தெருப் பக்கம் பலகைக்குக் கீழே அழகுமுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். கையில் சவர்க்கார வாளி. சொன்ன சொல் தவறாத ஆள்தான்.

அம்மாக்கண்ணு உள்ளே திரும்பிப் போனாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். கீபோர்டில் பெரிய எழுத்துக்கான பொத்தானை ஒரு தடவை அமுக்கினாள், பச்சை விளக்கு எரிந்தது. இனி யார் விரலும் தவறிக்கூட அதில் படாதபடி, பொத்தானின் மேல் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள், உடைந்த விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல. யாருடைய மாமியார் எப்படி என்பதை வைத்துக்கொள்ள மண்டை இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் எந்தக் கணினியும் இருக்கவில்லை.

“வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க. பழங்களயெல்லாம் அந்தப் பக்கம் வைங்க. பழத்துக்கு மரியாத கெடையாது. எல்லாருக்கும் பெரிய எழுத்துத்தான்.”

சன்னலுக்கு வெளியே, ஏணியிலிருந்து நுரை சொட்டச் சொட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“தங்கச்சி, என் தங்கச்சி மகளையும் பதியணும். பொறுப்பாளி நாந்தான். என் பேரு எதுல வருது?”

அம்மாக்கண்ணு அவர் பெயரை இரண்டு விரலால் தட்டி, திரையைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, பலகையின் அடுத்த மூலையை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார்.